சிமுலேஷனில் மங்காத பல்பு மேஜையில் மங்குகிறது, எங்கே தப்பு?

பத்தாம்வகுப்பு_டீச்சர்:
வணக்கம். மின்னோட்டவியல் பாடத்துக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) மின்சுற்று சிமுலேஷனைக் காட்டினேன். ஒரு பல்புக்குப் பக்க இணைப்பில் இன்னொன்றைச் சேர்த்தாலும் முதல் பல்பின் ஒளி துளியும் குறையவில்லை. சரி, நேரிலும் காட்டலாம் என்று இரண்டு டார்ச் செல், இரண்டு 2.5 வோல்ட் பல்புகளை எடுத்துப் போனேன். இரண்டாவதை இணைத்ததும் முதல் பல்பு மங்கிவிட்டது! "கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா மிஸ்?" என்று பின் பெஞ்சில் ஒரு குரல். இணைப்பை மூன்று முறை பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

சால்டரிங்_சாமி:
செல் புதுசா, கடிகாரத்தில் இருந்து கழற்றியதா? மல்டிமீட்டர் இருந்தால் செல்லின் இரு முனைகளில் வைத்து, பல்பு இல்லாமல், ஒன்று, இரண்டு என்று அளந்து போடுங்கள் டீச்சர்.

பத்தாம்வகுப்பு_டீச்சர்:
லேபில் கிடந்த செல்தான் சார். பல்பு இல்லாமல் 2.9 வோல்ட், ஒரு பல்புக்கு 2.5, இரண்டுக்கு 2.2.

சால்டரிங்_சாமி:
அப்போது இணைப்பில் தப்பில்லை. செல்லுக்கு உள்ளேயே மின்தடை உண்டு. பல்பு கூடினால் மின்னோட்டம் கூடும், உள்ளே இழக்கும் வோல்ட்டும் கூடும், வெளியே வருவது குறையும். ஒரு பல்பு 0.3 ஆம்பியர் இழுப்பதாக வைத்தால், இழந்த 0.4 வோல்ட்டை அதால் வகுக்க சுமார் 1.3 ஓம். செல் பழசாக ஆக இது ஏறும்.
சிமுலேஷனில் பேட்டரியின் அக மின்தடை தொடக்கத்தில் பூஜ்யம். அதிலேயே 'லேப்' என்ற திரையில் 'அட்வான்ஸ்டு' பெட்டியைத் திறந்து 1 ஓம் வையுங்கள், பேட்டரியை 3 வோல்ட்டுக்கு இறக்குங்கள். 10 ஓம் பல்பு ஒன்றுக்கு 2.73 வோல்ட் வரும், இரண்டுக்கு 2.5.

கிணத்துமேட்டுக்காரன்:
எங்கள் ஊரில் மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு மங்குமே, அதுவும் இதுதானா?

சால்டரிங்_சாமி:
அண்ணன் தம்பி மாதிரி. அங்கே வோல்ட்டைத் தின்பது பெரும்பாலும் நீளமான லைன் கம்பி. கம்பியின் மின்தடைக்கும் அதே பெட்டியில் ஒரு நகர்த்தி இருக்கிறது.
இன்னொன்று டீச்சர்: சிமுலேஷன் பல்பு சாதாரணமாக மாறாத மின்தடைதான். நிஜ டங்ஸ்டன் இழை சூடேறினால் மின்தடை பல மடங்கு ஏறும். ஆகவே எண்கள் அச்சாக ஒத்துப்போகாது.

பத்தாம்வகுப்பு_டீச்சர்:
செய்தாயிற்று சார், திரையிலும் மங்கியது. பின் பெஞ்சுக்காரன் இப்போது நகர்த்தியை 10 ஓம் வரை இழுத்துவிட்டு, "இது எங்க வீட்டு ரிமோட் செல்" என்கிறான்.