செக்பாயின்டில் 3 மணி நேரக் கட்டாய நிறுத்தம்: தேவையா, தொல்லையா?

பாதைக்காரன்

வணக்கம் மக்களே. 36 மணி நேர மோட்டார் சைக்கிள் ராலி ஒன்றுக்கு விதி எழுதிக்கொண்டிருக்கிறோம். பட்டியலில் உள்ள போனஸ் இடங்களுக்குப் போய் மதிப்பெண் சேர்ப்பதுதான் போட்டி. காலை 6 மணிக்குக் கிளம்பினால் மறுநாள் மாலை 6 மணிக்கு முடியும். நடுவில் ஒரே ஒரு செக்பாயின்ட். முதல் நாள் இரவு 10 மணிக்குள் அங்கே வந்துவிட வேண்டும். பிந்தினால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் கழியும், 12 மணியைத் தாண்டினால் ஆட்டத்தில் இல்லை. இதுவரை யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அடுத்த விதியில்தான் குழுவுக்குள்ளேயே குடுமிப்பிடி: வந்தவர், வந்த நேரத்திலிருந்து 3 மணி நேரம் கழித்துத்தான் வண்டியை எடுக்கலாம்.

நான் இதற்கு ஆதரவு. அடுத்த போனஸ் இடம் பக்கத்திலேயே இருக்கும்போது தானாக நிறுத்திப் படுக்கிறவர்கள் குறைவு. நாம்தான் நிறுத்த வேண்டும். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

இரட்டைசிலிண்டர்

காரணத்தோடவே வர்றேன். உங்க கணக்கையே எடுத்துக்குவோம். ஒருத்தன் சரியா 10 மணிக்கு வர்றான், 1 மணிக்கு விடறீங்க. ராத்திரி 2லேர்ந்து விடியக்காலம் 6 வரைக்கும்தான் உடம்பு ரொம்ப சோர்ந்து கிடக்கற நேரம். ஓட்டும்போது கண்ணசந்து நடக்கற விபத்தெல்லாம் அதிகம் நடக்கறதும் அப்பதான். அந்த நேரம் பாத்து ஆளை ரோட்டுல இறக்கி விடறதுக்கு ஒரு விதி! 10 மணிக்குத் தெளிவா இருக்கறவன் 1 மணி வரைக்கும் ஓட்டிட்டு 5 மணி வரைக்கும் படுத்து எழுந்தா அவனுக்கும் நல்லது, எதிர்ல வர்றவனுக்கும் நல்லது. நீங்க அதைத் தலைகீழா மாத்தறீங்க.

அமெரிக்காவுல நடக்கற நெடுந்தூர பைக் போட்டி, அயர்ன் பட் ராலியைப் பாருங்க. முதல் ராலி 1984ல நடந்தது. இப்ப 11 நாள், கிட்டத்தட்ட 11,000 மைல். அங்க ஓய்வு போனஸ்னு ஒண்ணு உண்டு. நிறுத்தினப்ப ஒரு ரசீது, கிளம்பறப்ப ஒரு ரசீது. சொன்ன நேரம் நின்னிருந்தா மதிப்பெண். எங்க படுக்கறதுங்கறது ஓட்டறவன் பாடு.

தூக்கக்கடன்

> 10 மணிக்குத் தெளிவா இருக்கறவன்

தெளிவாக இருக்கிறான் என்று யார் சொன்னது? அவனே சொன்னதுதானே? 6 மணிக்குக் கிளம்புகிறவர் 4 மணிக்காவது எழுந்திருப்பார். இரவு 10க்கு 18 மணி நேரம் விழித்தாயிற்று. டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் 'நேச்சர்' இதழில் எழுதியதைப் பாருங்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்துக்குச் சமமாகிவிட்டது. இன்னும் மோசம், தான் எவ்வளவு மந்தமாகிவிட்டோம் என்று கணிக்கும் திறனும் கூடவே மழுங்கிவிடும். அந்த இரவில் இன்னொரு மனிதர் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது செக்பாயின்டில் மட்டும்தான். அங்கே பிடித்து வைக்காமல் வேறெங்கே வைப்பது?

லாரி ஓட்டுநருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாய இடைவேளை. அமெரிக்காவில் 8 மணி நேரத்துக்கு அரை மணி. சம்பளத்துக்கு ஓட்டுகிறவரையே கட்டுப்படுத்தலாம், கோப்பைக்கு ஓட்டுகிறவரைக் கூடாதா?

மீட்டர்முள்

தூக்கக்கடன் சார், நீங்கள் சொன்ன சட்டமே உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. நாலரை, எட்டு எல்லாமே அந்த ஓட்டுநர் ஓட்டிய நேரம். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பாதைக்காரனோ களைப்பு தன் மேசைக்கு முன்னால்தான் வரும் என்று எதிர்பார்க்கிறார்.

இன்னொன்று. இரவு 3 மணி நேரம் கட்டாயமாகப் போகும் என்று தெரிந்தால், ஓட்டுகிறவர் அதை எங்காவது ஈடுகட்டப் பார்ப்பார். வேகத்தில் ஈடுகட்ட முடியாது. 500 கி.மீ. தூரத்தை 100க்குப் பதில் 110இல் போனால் மிச்சம் வெறும் 27 நிமிடம். ஆகவே மற்ற நிறுத்தங்களில் கைவைப்பார். பெட்ரோல் போடும்போது இறங்கி நாலு எட்டு நடக்கமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார், மதியம் கண் சொக்கும்போது 20 நிமிடம் சாயமாட்டார். எக்ஸ்ட்ரா டேங்க் மாட்டியவர் என்றால் கேட்கவே வேண்டாம், பெட்ரோலுக்குக்கூட அதிகம் நிற்கமாட்டார். (அயர்ன் பட்டில் அதற்கும் உச்சவரம்பு உண்டு: எல்லா டேங்கும் சேர்த்து 11.5 அமெரிக்க கேலன், சுமார் 43.5 லிட்டர்.)

24 மணி நேரத்தில் 1,609 கி.மீ. முடிக்கும் சேடில்சோர் 1000 என்ற பைக் சவாலை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 67 கி.மீ. சராசரி போதும். நடுவே 4 மணி நேரம் தூங்கினாலும் மிச்ச நேரத்துக்கு 80தான் வருகிறது. அதற்கு ஆக்சிலேட்டரை முறுக்கத் தேவையே இல்லை, நிறுத்தத்தை அளந்து செலவழிக்கத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கை ஓட்டுகிறவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறோம்.

புதுச்செயின்

சின்ன சந்தேகம். டக்கார் பாலைவன ராலில பைக் ஓட்டறவங்களை பெட்ரோல் போடற இடத்துல 15 நிமிஷம் கட்டாயமா நிறுத்தறாங்க, அந்த நேரம் கணக்குல சேராது. இங்கயும் அந்த 3 மணி நேரத்தைக் கணக்குல சேக்காம விட்டா யாருக்கும் நஷ்டமில்லையே?

இரட்டைசிலிண்டர்

தம்பி, அங்க ஸ்பெஷல் ஸ்டேஜ்ல, அதாவது நேரம் அளக்கற பகுதில, யார் சீக்கிரம் முடிக்கறானோ அவன் ஜெயிச்சான். அதனால கடிகாரத்தை நிறுத்தினா எல்லாருக்கும் ஒண்ணுதான். இங்க எல்லார் கையிலயும் இருக்கறது அதே 36 மணி நேரம். அதுக்குள்ள எந்த போனஸைப் பிடிக்கறது, எதை விடறது, எப்ப படுக்கறது, இதுதான் ஆட்டமே. படுக்கறதை நீங்க முடிவு பண்ணிட்டா ஆட்டத்துல பாதி போச்சு.

பாதைக்காரன்

> ஆட்டத்துல பாதி போச்சு

போகட்டும். இது பொதுச்சாலையில் நடக்கிறது. எதிரே காரில் வருகிறவர் இந்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர் இல்லை. ஓய்வு போனஸ் என்பதும் ஒரு தூண்டில்தான். அதைவிடப் பெரிய மீன் இரண்டு மணி தூரத்தில் இருந்தால் ஓய்வை உதறிவிட்டு ஓடுகிறவர்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

ரசீதுராணி

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மதிப்பெண் சரிபார்க்கிறவள் நான். செக்பாயின்ட் என்றதும் இரண்டு தரப்புமே கட்டிலும் தலையணையுமாக நினைத்துக்கொள்கிறீர்கள். அங்கே உண்மையில் நடப்பதைச் சொல்கிறேன்.

வந்ததும் வருகை நேரம் பதிவாகும். பிறகு டேங்க்பேகிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வெளியே வரும். உள்ளே பெட்ரோல் ரசீதுகள், பாதி வெயிலில் கறுத்துப்போனவை. அந்தத் தாள் சூடுபட்டாலே அப்படித்தான். ஒவ்வொன்றிலும் ஓடோமீட்டர் எண் எழுதியிருக்க வேண்டும். பதிவேட்டில் இடத்தின் குறியீடு, நேரம், மறுபடி ஓடோமீட்டர். போனஸ் இடத்தில் எடுத்த போட்டோவில், ஓட்டுகிறவருக்குக் கொடுத்த ராலிக் கொடியின் எண் மடிப்பில் மறைந்திருக்கக் கூடாது. ஒன்று பிசகினாலும் அந்த போனஸுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் என் முன்னால் வந்து உட்காருவதற்கு முன் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, விட்டதை எழுதி, எழுதியதைத் திரும்பப் பார்த்து, வரிசையில் நின்று, என்னோடு ஒவ்வொன்றாகத் தள்ளி முடிக்க ஒரு மணி நேரம் ஓடிவிடும். அவசரப்பட்டால் இழப்பு அவருக்குத்தான், ஆகவே அவசரப்படவும் மாட்டார்.

அது முடிந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அடுத்த லெக்குக்கான, அதாவது ராலியின் மீதிப் பகுதிக்கான, போனஸ் பட்டியலைக் கையில் கொடுக்கிறீர்கள். அதை வாங்கிக்கொண்டு யார் படுப்பார்? லேப்டாப்பைத் திறந்து வரைபடத்தில் புள்ளி வைக்க உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று மணி நேரம் முடிந்து கேட்டைத் தாண்டுகிறவர் அத்தனை நேரமும் கணக்குப் போட்டவர், ஒரு நிமிடம் கண்மூடாதவர். உங்கள் விதிப்படி அவர் ஓய்வெடுத்தவர்!

களைப்பை அறிய எனக்கு முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, பதிவேடு போதும். காலையில் கட்டத்துக்குள் நின்ற எழுத்து, பொழுது சாய்ந்ததும் கோட்டைவிட்டு இறங்கும். 6ஆ, 0வா என்று கேட்டால் எழுதியவரே குனிந்து பார்ப்பார். ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை. அடுத்தடுத்து வரும் இரண்டு பேரில் ஒருவர் எழுத்து கடைசி வரி வரைக்கும் நேராக இருக்கும். இருவருக்கும் அதே 3 மணி நேரமா?

தூக்கக்கடன்

ரசீதுராணி சொன்னது கட்டாயத்துக்கு எதிரான வாதமில்லை, பட்டியலுக்கு எதிரானது. 36 மணி நேரத்துக்கும் சேர்த்து முழுப் பட்டியலையும் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். வீட்டிலேயே திட்டம் போட்டுக்கொண்டு வரட்டும். செக்பாயின்டில் செய்ய ஒரு வேலையும் இல்லை என்றால் படுத்துத்தானே ஆக வேண்டும்?

இரட்டைசிலிண்டர்

படுன்னு சொல்லலாம், தூங்குன்னு சொல்ல முடியாது. தலைக்கு மேல டியூப்லைட், வாசல்ல வந்து நிக்கற ஒவ்வொரு வண்டி சத்தமும் காதுக்குள்ள. சரி, எப்படியோ தூங்கிட்டான்னே வெச்சுக்குவோம். ஆழ்ந்து தூங்கறவனை நேரமாச்சுன்னு தட்டி எழுப்பினா தலை தெளிய அரை மணி நேரம்கூட ஆகும். அந்த அரை மணி நேரத்தை எவன் குடுப்பான்? ஏற்கெனவே 3 மணி நேரம் பிடுங்கிட்டாங்கன்னு கடுப்புல இருப்பான், நேரம் முடிஞ்ச நிமிஷமே ஸ்டார்ட் பண்ணிடுவான்.

பட்டியலை முன்னாடியே குடுக்கறது மட்டும் சரி. அதுக்கு என் ஓட்டு.

மீட்டர்முள்

அப்படியானால் இப்படி எழுதுங்கள். இரவு 10லிருந்து காலை 6க்குள் தொடர்ந்து 4 மணி நேரம் வண்டி நகரக் கூடாது. எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது எல்லாம் அவர் விருப்பம். தொடக்கத்துக்கு ஒரு ரசீது, முடிவுக்கு ஒரு ரசீது, நடுவே வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கரின் புள்ளி அசையாமல் நிற்க வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் இது இல்லாதவர் முடித்தவராகவே கணக்கில் வரமாட்டார். பெரிய மீனுக்காக உதறவும் முடியாது.

பாதைக்காரன்

இது என் விதியைவிடக் கடுமையாக இருக்கிறதே! யோசிக்கலாம். ஆனால் ரசீதுராணி சொன்ன அந்தக் கோணல் எழுத்துக்காரர் இருக்கிறாரே, அவர் 10 மணிக்கு வந்து, '2 மணிக்குத்தான் படுப்பேன்' என்று கிளம்பினால் யார் தடுப்பது?

ரசீதுராணி

அந்த அதிகாரம் எனக்கு வேண்டாம். மதிப்பெண் போடுகிறவளே ஆளையும் பிடித்து வைத்தால், வேண்டியவர் வேண்டாதவர் என்று பேச்சு வரும். ராலியை நடத்தும் தலைவர், ராலி மாஸ்டருக்குக் கொடுங்கள். நான் பதிவேட்டைக் காட்டி அவரைக் கூப்பிடுகிறேன், முடிவு அவருடையது.

பாதைக்காரன்

சரி. பட்டியல் முந்தின நாளே, ராலி மாஸ்டர் நிறுத்தி வைக்கலாம், இந்த இரண்டும் வரைவில் சேர்ந்தாயிற்று. மீட்டர்முள்ளின் 4 மணி நேரமும் என் 3 மணி நேரமும் குழுவின் வாக்கெடுப்புக்குப் போகும். நான் இன்னும் என் பக்கம்தான்.

இரட்டைசிலிண்டர்

தெரியும். ஒண்ணே ஒண்ணு எழுதாம விட்டுடாதீங்க. மீட்டர்முள் விதி ஜெயிச்சா, ராலி மாஸ்டர் பிடிச்சு வெக்கற நேரம் அந்த 4 மணி நேரத்துல சேருமா, சேராதா?

பாதைக்காரன்

சேரும். 10 மணிக்கு முன்னால் பிடித்தாலும் சேரும்.