நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க்: பிரைமரி தேர்தலுக்கான பதிவு குறித்து உதவி தேவை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் எக்கட்சியையும் சாராத வாக்காளராகப் பதிவு செய்திருந்த என் அண்ணி, அண்மையில் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்துள்ளார். நியூ ஜெர்சியில் அத்தகைய வாக்காளர்கள், கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தப்படும் ஜூன் மாதப் பிரைமரி தேர்தலன்று வாக்குச்சாவடியிலேயே தம் கட்சியைத் தெரிவித்து வாக்களிக்கலாம்; ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவர் வேறு கட்சிக்கு மாற விரும்பினால்தான் 55 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நியூயார்க்கிலோ, கட்சியில் பதிந்தவர்களே அக்கட்சியின் பிரைமரியில் வாக்களிக்க முடியும் என்பதோடு, அம்மாநில வாக்காளர் ஒருவர் பிப்ரவரி 14-க்குப் பின் கட்சி மாற்றம் கோரினால், அது ஜூன் பிரைமரி முடிந்த பிறகே நடைமுறைக்கு வருகிறது. (இவ்வளவு முன்கூட்டியே முடிவெடுக்கச் சொல்வது கடுமையான விதி என்பதே என் கருத்து.) முதன்முறையாகப் பதிவு செய்வோருக்கு இந்தக் கெடு பொருந்தாது.

வேறு மாநிலத்திலிருந்து வந்தவரைப் புதிய வாக்காளராகவே கருதுகிறார்களா? இவ்வாறு இடம் மாறியவர்கள், படிவத்தில் முன்பு வாக்களித்த முகவரியைக் கேட்கும் இடத்தில் நியூ ஜெர்சி முகவரியைக் குறிப்பிட்டீர்களா என்பதையும், பழைய பதிவை நீக்குமாறு அங்குள்ள மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குத் தனியே எழுத வேண்டியிருந்ததா என்பதையும் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.