எஸ்எச்2டி1ஏ மரபணுக் கோளாறு: மும்பைத் தமிழர் சிலரின் அனுபவங்கள்

மாட்டுங்கா, ஆய்வகப் பணியாளர்:

நோயெதிர்ப்புக் குறைபாடுகளுக்கான இரத்தப் பரிசோதனைகளைச் செய்யும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். அங்கு நான் கண்ட அரிய நோய்களுள் மறக்க முடியாதது, எஸ்எச்2டி1ஏ என்ற மரபணு பழுதுபடுவதால் வரும் நோய். பத்து லட்சம் ஆண்களில் ஏறத்தாழ ஒருவருக்கே இது வருவதாகக் கணித்திருக்கிறார்கள் என்பதால், இதைக் கேள்விப்படாத மருத்துவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இது உருவாக்கும் சாப் என்ற புரதம் 128 அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறிய ஒன்று. தானாக எந்த வேதிவினையையும் நடத்தாமல், கல்யாணத் தரகரைப் போல இரு தரப்பைச் சேர்த்து வைப்பதே அதன் வேலை. டி செல், என்கே செல் ஆகிய நோயெதிர்ப்பு வெள்ளணுக்களின் மேலுள்ள ஸ்லாம் குடும்ப ஏற்பிகளின் (சமிக்ஞை வாங்கும் புரதங்களின்) உட்பக்க வாலைப் பற்றிக்கொண்டு, ஃபின் என்னும் நொதியை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. சாப் இல்லாதவர்களின் உடலில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் புகுந்த பி செல்களை (எதிர்ப்புரதம் உண்டாக்கும் வெள்ளணுக்களை) அழிக்க வேண்டிய என்கே செல்கள் செயலற்றுப் போகின்றன. தூண்டப்பட்ட டி செல்களோ அடங்காமல் பெருகிக் கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் சீரழிக்கின்றன. நம் நாட்டில் பெரும்பாலான குழந்தைகளுக்கு எச்சில் வழியே சிறு வயதிலேயே தொற்றி, வந்ததே தெரியாமல் அடங்கிவிடுகிற வைரஸ் இது.

ஒரு குடும்பத்தின் தாய்வழியில் சிறுவர்கள் அடுத்தடுத்து இறந்ததை ஆராய்ந்து, 1975இல் டேவிட் பர்ட்டிலோ என்ற அமெரிக்க மருத்துவர் இந்நோயை விவரித்தார். மரபணுவை 1998இல்தான் கண்டுபிடித்தார்கள். பர்ட்டிலோ கவனித்த அந்தத் தாய்வழிச் செய்திதான் இன்றும் முதல் துப்பு. ஆனால் நம் குடும்பங்களில் எளிதில் கிடைக்காததும் அதுவே. பங்காளிகளைப் பல தலைமுறைக்குச் சொல்லும் பெரியவர்கள்கூட, பெரியம்மா மகன் ஒருவன் சிறு வயதில் இறந்ததைக் கேட்டால் ‘ஏதோ மஞ்சள் காமாலை’ என்று கடந்துவிடுவார்கள். அக்காள் தங்கைகள் வெவ்வேறு வீடுகளில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளின் தலைப்பெழுத்தும் வேறாகிவிடுவதால், மருத்துவமனைப் பதிவேடுகளிலும் அவர்கள் ஒரே குடும்பமாகத் தெரிவதில்லை. மண்ணீரல் வீங்கி, ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதத்தின் அளவு பல ஆயிரத்துக்கு ஏறிய ஒரு சிறுவனின் இரத்தம் எங்களிடம் வந்தபோது, விண்ணப்பத்தில் குடும்ப வரலாறு ‘இல்லை’ என்றுதான் இருந்தது. உடன் வந்த பாட்டியிடம் தமிழில் பேச்சுக் கொடுத்த பிறகே, அச்சிறுவனின் தாய்மாமன்கள் இருவர் பள்ளி வயதிலேயே காய்ச்சலில் இறந்தது தெரியவந்தது.

ஒளிரும் ஆன்டிபாடியைக் கொண்டு செல்லுக்குள் சாப் இருக்கிறதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும், செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஆராயும் முறையில் பார்த்துவிடலாம். எனினும், சிலருக்குப் பழுதான புரதம் இருந்துகொண்டே வேலை செய்யாமல் போகலாம் என்பதால், அம்முடிவை மட்டும் நம்பாமல் மரபணு வரிசையையும் படித்தே தீர வேண்டும்.

செம்பூர், ஒரு தந்தை:

எங்கள் இளைய மகனுக்குக் காய்ச்சல் வந்தது மழைக்காலத்தில். டெங்கு, டைஃபாய்டு என்று பார்த்துப் பார்த்து நாள் கடந்தது. இரத்த அணுக்கள் மூன்றும் குறைந்த பிறகே எச்.எல்.எச். என்ற சொல்லை, அதாவது நோயெதிர்ப்புச் செல்கள் கட்டுமீறி உடலையே தாக்கும் நிலையின் பெயரை, முதன்முறையாகக் கேட்டோம். டெக்ஸாமெத்தசோன், எட்டோபொசைடு, வைரஸ் குடியிருக்கும் பி செல்களை ஒழிக்க ரிட்டுக்சிமாப் என மருந்துகளால் நோய் அடங்கியது. நிலையான தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று ஒன்றே என்றார்கள்.

மூத்த மகனின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தியது. ஆனால் அவனுக்கும் மரபணுச் சோதனை செய்யாமல் தானம் பெற முடியாது என்று மருத்துவர் உறுதியாக நின்றார். ஒரு நாள்கூடப் படுத்தறியாத பையனுக்கு எதற்கு இது என்று நான் வாதாடினேன். முடிவு வந்தபோது அவனுக்கும் அதே பழுது இருந்தது. எக்ஸ் குரோமோசோம் ஆணுக்குத் தாயிடமிருந்து மட்டுமே வருவதால், ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு உண்டாம். கடைசியில் பாதிப் பொருத்தமே உள்ள நான்தான் இளையவனுக்குக் கொடையாளி ஆனேன்.

இப்போது எங்களை வாட்டுவது மூத்தவனைப் பற்றிய கேள்வி. எதிர்ப்புரத அளவு குறைவாக இருப்பதால் அவனுக்கு மாதந்தோறும் இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறோம். வைரஸ் தாக்காவிட்டாலும் நிணநீர்ப் புற்றுநோய் வரக்கூடும் என்பதால், நலமாக இருக்கும்போதே மாற்றுச் சிகிச்சை செய்துவிடுவது மேல் என்பது மருத்துவரின் கருத்து. ஓடி விளையாடும் பிள்ளையை, மாற்றுக்கு முன் தரும் கீமோதெரபிக்குப் படுக்க வைக்க என் மனைவிக்கு இன்னும் மனம் வரவில்லை. நான் மருத்துவர் பக்கம் சாய்ந்திருக்கிறேன். நலமாக இருந்த பிள்ளைக்கு இவ்வாறு செய்துகொண்டவர்கள் எவரேனும் இருந்தால் எழுதுங்கள்.

முலுண்டு, ஒரு பெண்:

ஐயா, என் அக்காள் மகனுக்கும் இதே நோய். அவனுடைய அறிக்கையில் மரபணுவின் எந்த இடத்தில் பிழை என்று தெளிவாக இருந்ததால், என் சோதனை எளிதாக முடிந்தது. நானும் அப்பிழையைச் சுமக்கிறேன், ஆனால் பெண் என்பதால் எனக்கு நோய் இல்லை. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், பால்வழி மரபு நோய்களைக் கண்டறிய மட்டும் பதிவுபெற்ற மையங்களில் சோதனைக்கு இடம் தருகிறது. கருத்தரித்தால், பதினோராவது வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம் என்று மரபியல் ஆலோசகர் கூறியிருக்கிறார்.

ஊரிலுள்ள சித்தி, தம் மகள்களுக்குச் சோதனை வேண்டாம் என்கிறார். பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம். மூத்தவள் மட்டும் தானாகவே என்னைத் தொலைபேசியில் அழைத்து விவரம் கேட்டாள். அக்காள் மகனுடைய அறிக்கையின் நகலை அவளுக்கு அனுப்பிவிட்டேன்.