மறு: மடக்குக் கத்திப் பிடியின் இரு பக்கத்துக்கும் என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> ஆங்கிலத்தில் மீன் செதிலுக்கும் கத்திப் பிடியின் இரு பக்கத் துண்டுகளுக்கும் scale என்ற ஒரே சொல்தானே. செதில் என்றே வைத்துக்கொள்ளலாமே?

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் செதில் வேண்டாம். மீனிலிருந்து சுரண்டி எறிவது செதில். சுவரில் காரை செதில் செதிலாக உதிரும். தமிழ்க் காதுக்கு அது உதிர்கிற பொருள். கத்தியிலோ உள்ளங்கை பட்டுக்கொண்டே இருப்பது இந்தப் பகுதிதான், உதிரவே கூடாதது.

பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். மூன்று வருடம் முன்பு என் விக்டோரினாக்ஸ் (சுவிஸ் மடக்குக் கத்தி) பேனாக்கத்தியின் சிவப்புப் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் வீட்டுக்குப் பின்னால் காற்றில் சாய்ந்த பேரிமரத்திலிருந்து இரண்டு துண்டு அறுத்துப் போட்டேன். பேரி நெருக்கமான மரம், உளிக்குச் சிலும்பாது. அந்தக் கத்தியில் பிளாஸ்டிக்கைப் பசை வைத்து ஒட்டுவதில்லை. தகடுகளைக் கோத்திருக்கும் பித்தளை ஆணிகளின் தலைகள் வெளியே சற்றுத் துருத்தி நிற்கும். பிளாஸ்டிக்கின் உட்புறக் குழிகள் அவற்றைக் கவ்விக்கொள்ளும். மரத்திலும் அதே குழிகளை அதே இடத்தில் தோண்ட வேண்டும். ஆழம் கொஞ்சம் குறைந்தாலும் மரம் தகட்டில் படியாது, ஆடும். பிடிக்குள் செருகி வைக்கும் பல்குச்சிக்கும் சாவணத்துக்கும் (முள் பிடுங்கும் சிறு இடுக்கி) பள்ளம் எடுப்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. மரம் போடுவது புதுமை இல்லை, சுவிஸ் படைவீரர்களின் 1890 மாதிரிக் கத்திக்கே கருமையேற்றிய ஓக் மரம்தான்.

முதல் ஜோடி வெடித்துவிட்டது. இங்கே மூட்டத்தில் கிடக்கும் மரம் காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். சித்திரையில் திண்டுக்கல் போய் நான்கு நாள் இருந்தேன். ஆணிக்குழியிலிருந்து நார் வாக்கிலேயே விரிசல் ஓடிவிட்டது. அடுத்த ஜோடியை அடுப்படிப் பரணில் எட்டு மாதம் போட்டு வைத்த பிறகே தொட்டேன். அது இன்றுவரை அசையவில்லை.

இவ்வளவையும் சொல்லக் காரணம், செய்து பார்த்தபோதுதான் சொல்லுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இது எப்போதும் ஜோடியாக வரும். தட்டையானது. பிடியின் வெளிப்புறம். மரம், எருமைக்கொம்பு, துணி அடுக்குகளைப் பிசினில் நனைத்து அழுத்திய மைக்கார்ட்டா என்று எதிலும் செய்யலாம். (மான்கொம்பு என்று எழுதிய நண்பருக்கு: காட்டில் உதிர்ந்து கிடந்ததானாலும் எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும்.)

ஆகவே 'பிடித்தகடு' சரிவராது. தகடு என்றால் உலோகம். தவிர, மரத்துக்கு அடியில் உண்மையான தகடு ஒன்று இருக்கிறது, 'உள்தகடு' என்ற பெயர் அதற்கு வேண்டும். 'பிடியோடு' அழகாக இருந்தது, ஓடு என்ற பொருளும் பொருந்துகிறது. ஆனால் "பிடியோடு கழற்றினேன்" என்று எழுதினால் எதைக் கழற்றினேன் என்று யாருக்குப் புரியும்?

நம்மிடம் ஏன் பழைய சொல் கிடைக்கவில்லை என்றும் பார்க்க வேண்டும். அரிவாளின் பிடி ஒரே கட்டை. அதில் துளை போட்டு, அரிவாளின் கூரான வாலைச் சூடாக்கி உள்ளே இறக்கி, வாயில் பூண் மாட்டுவார்கள். பூணுக்குச் சொல் இருக்கிறது, இரு பக்கத் துண்டு அங்கே இல்லவே இல்லை. ஆனால் காய் நறுக்கும் கத்திக்கு உண்டு. அதனால் பண்ணைக்காட்டில் ஒரு பட்டறைக்குப் போய், உடைந்த கத்தியைக் காட்டிக் கேட்டேன். பெரியவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பக்கமும் புதுசா பட்டை வச்சு ஆணி அடிச்சுத் தாரேன்" என்றார்.

பட்டை! தட்டையானது, மேலே இருப்பது, எதிலும் செய்யலாம். தோள்பட்டையும் ஜோடிதான்.

ஒரு சிக்கல் உண்டு. இந்த மலையில் பட்டை என்றதும் சீகைப்பட்டைதான் (வாட்டில் மரத்தின் பட்டை, சீகைக்காய் இல்லை) நினைவுக்கு வரும். தோல் பதனிட அந்தப் பட்டை வேண்டும் என்றே இங்கே சீகையை நட்டார்கள். 'பேரிப்பட்டை' என்று நான் எழுதினால் மரத்தை உரித்தேன் என்றுதான் படிப்பார்கள். அதனால் எழுத்தில் எங்கும் 'பிடிப்பட்டை' என்றே முழுதாக எழுதலாம்: பேரிமரப் பிடிப்பட்டை, கொம்புப் பிடிப்பட்டை, இடப் பிடிப்பட்டை. பேச்சில் சுருங்கினால் சுருங்கட்டும், பட்டறைப் பெரியவருக்கு எந்தக் குழப்பமும் வரவில்லையே.

கூடவே அலகு திரும்பும் ஆணிக்குச் 'சுழலாணி', முதுகில் அழுத்தும் வில்லுக்கு 'முதுகுவில்' என்று வைக்கலாமா? இவற்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அரிவாளுக்குப் பெயர்போன திருப்பாச்சேத்திப் பக்கம் இருப்பவர்கள் யாராவது அங்குள்ள பட்டறைகளில் ஒரு காய்கறிக் கத்தியைக் காட்டி, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் கேட்டுப் பாருங்கள். அங்கே வேறு சொல் வந்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
பெருமாள்மலையிலிருந்து