8 பவுண்ஸ் லீஃப்லெட்டோடு போட்டி: யன்னல் துப்புரவுக்கு விலையும் வரியும் எப்படிக் கணக்குப் பார்ப்பது?

கென்ரன்_கண்ணாடி

வணக்கம் எல்லாருக்கும். லண்டனில ஹரோ, கென்ரன் பக்கம் யன்னல் துப்புரவு செய்யிறன், சோல் ட்ரேடர் (கம்பனி இல்லாமல் தனி ஆளா நடத்திற தொழில்). 240 வீடு, எட்டுக் கிழமைக்கு ஒருக்கா சுத்தி வருவன். மூண்டு அறை செமி வீட்டுக்கு (ஒரு பக்கம் அடுத்த வீட்டோட ஒட்டினது) முன், பின், பக்கம், பிரேம், சில் (யன்னலுக்குக் கீழ இருக்கிற விளிம்பு) எல்லாம் சேத்து 15 பவுண்ஸ். வானில 350 லீற்றர் ராங்க், தண்ணி வீட்டில ஆர்ஓவில (உப்பு நீக்கிற வடிகட்டி) எடுத்து நிரப்பிறன். காசு கோகார்ட்லெஸ்ஸில (கஸ்டமரின்ர வங்கிக் கணக்கில இருந்து நேரா எடுக்கிற சேவை) வரும்.

இப்ப ஒராள் தெருத்தெருவா "8 பவுண்ஸில இருந்து" எண்டு லீஃப்லெட் போடுறார். கஸ்டமர் ஆக்கள் அதைப் படம் எடுத்து அனுப்பி, நீங்களும் குறைப்பீங்களோ எண்டு கேக்கினம். 12க்கு இறங்கலாமோ எண்டு யோசிக்கிறன். 8க்குச் செய்து வரியும் கட்டினா ஒருத்தருக்குக் கட்டுப்படியாகுமோ? மற்றது, இந்த ஏரியாவில எங்கட ஆக்கள் நாலு பேர் இதே வேலை செய்யினம். 12க்குக் கீழ ஒருத்தரும் போறேல்லை எண்டு வாட்ஸ்அப் குரூப்பில முடிவெடுப்பம் எண்டு ஒரு கதை வந்திருக்கு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வரிக்கணக்கு

தம்பி, 12க்கு இறங்க முதல் உங்கள் 15 எங்கே போகிறது என்று பாருங்கள். 2025-26 வரி ஆண்டின் எண்களை வைத்தே சொல்கிறேன்.

எட்டுக் கிழமைச் சுற்று ஆண்டுக்கு ஆறரை வரும். மழை, விடுமுறை, "இந்த முறை வேண்டாம்" எல்லாம் கழித்து ஆறு என்று வைப்போம். 240 வீடு, 6 சுற்று, 1,440 தடவை. 15 பவுண்ஸ்படி வரவு 21,600.

செலவில் பெரியது வான். மைல் கணக்கில் எழுதினால் முதல் 10,000 மைலுக்கு 45 பென்ஸ். 6,000 மைல் ஓடினால் 2,700 பவுண்ஸ். மைல் கணக்கு எடுத்தால் பெற்றோல், இன்சூரன்ஸ், எம்ஓடி (ஆண்டு வாகனச் சோதனை), திருத்த வேலை, வான் வாங்கிய விலை எதையும் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் அந்த 45 பென்ஸுக்குள் அடக்கம். அந்த வானுக்கு ஒருமுறை மைல் கணக்கைத் தொடங்கினால், அதை விற்கும்வரை அதே முறைதான். பார்க்கிங் கட்டணத்தைத் தனியே எழுதலாம். பார்க்கிங் அபராதத்தை எழுதவே முடியாது. கோகார்ட்லெஸ் 1 வீதமும் 20 பென்ஸும் எடுக்கும், 15க்கு 35 பென்ஸ், ஆண்டுக்கு 504. ரெசின் (ஆர்ஓவுக்குப் பிறகு தண்ணீரில் மிஞ்சும் உப்பை எடுப்பது), ஃபில்டர், பிரஷ், இன்சூரன்ஸ், போன், கணக்காளர் எல்லாவற்றுக்கும் இன்னொரு 1,900 வைத்தால் மொத்தச் செலவு 5,100 அளவில் வரும்.

இலாபம் 16,500. அதில் 12,570க்கு வரி இல்லை. மிச்சம் 3,930க்கு 20 வீதம் 786, கிளாஸ் 4 தேசிய காப்புறுதி (சுயதொழில் இலாபத்தில் கட்டுவது) 6 வீதம் 235.80. மொத்தம் 1,021.80. கையில் நிற்பது 15,478.

இப்போது 12க்கு இறக்குங்கள். வரவு 17,280. செலவு கிட்டத்தட்ட அதேதான், கோகார்ட்லெஸ்ஸில் மட்டும் 40 சொச்சம் மிச்சம். இலாபம் 12,220, வரி இல்லை. கையில் 3,258 பவுண்ஸ் குறைகிறது. இதே 12,220ஐ 15 பவுண்ஸிலேயே எடுக்க எத்தனை வீடு வேண்டும்? ஏறத்தாழ 190. அதாவது விலையை இறக்காமல் நின்று 50 வீட்டை இழந்தாலும், 12க்கு 240 வீடு செய்வதும் அதுவும் ஒன்றுதான். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு வேலை குறைவு. ஐந்தில் ஒருவர் உண்மையாகவே ஓடிவிடுவார் என்று தெரிந்தால் ஒழிய இறக்காதீர்கள்.

8க்கு? வரவு 11,520, செலவு 5,000, இலாபம் 6,520. ஒரு வீட்டுக்கு அடுத்த வீடு போவதையும் சேர்த்து 20 நிமிடம் என்றால் 480 மணித்தியாலம். தண்ணீர் நிரப்புவது, லீஃப்லெட், கணக்கு, போன் எல்லாம் சேர்த்தால் 720க்குக் குறையாது. மணித்தியாலத்துக்கு 9 பவுண்ஸ். ரெஸ்கோவில் நின்றால்கூட 2025-26இல் சட்டப்படி 12.21 தரவேண்டும், லீவுக்கும் சம்பளம் உண்டு. இன்னொன்று: 2025-26இல் 6,845க்குக் கீழே இலாபம் காட்டினால் அந்த ஆண்டு அரச ஓய்வூதியத்துக்கான கணக்கில் தானாகச் சேராது; கிழமைக்கு 3.50 கிளாஸ் 2 தேசிய காப்புறுதி தானாக முன்வந்து கட்டினால்தான் சேரும்.

ஆகவே 8க்குச் செய்பவர் ஒன்றில் புதிதாக வந்து கணக்குப் பார்க்காதவர், இல்லையென்றால் வேலைக்குப் போய்க்கொண்டு சனி ஞாயிறு செய்பவர், இல்லையென்றால் வரி காட்டாதவர். சனி ஞாயிறு செய்பவருக்கு 12,570 சலுகை சம்பளத்திலேயே முடிந்திருக்கும். வரவு 1,000 பவுண்ஸைத் தாண்டினால் வரி ஆண்டு முடிந்து வரும் ஒக்டோபர் 5க்குள் செல்ஃப் அசெஸ்மென்ட்டில் (தானே வரிப் படிவம் அனுப்பும் முறை) பதிய வேண்டும், இலாபத்தின் முதல் பவுண்ஸில் இருந்தே 20 வீதம். அவருக்குத்தான் 8 இன்னும் மோசம்.

ஸ்குவீஜி_ரெடிங்

வரி விஷயம் மேலே அண்ணன் தெளிவா சொல்லிட்டார். நான் வேலைப் பக்கம் சொல்றேன்.

"8 பவுண்டில் இருந்து"ன்னு போட்டிருந்தா அந்த "இருந்து"தான் விஷயம். பெரும்பாலும் முன்பக்கம் மட்டும், இல்லேன்னா கண்ணாடி மட்டும், ஃபிரேம் கிடையாது. அதனால கஸ்டமர் படம் அனுப்பினா கோபப்படாம நாலு கேள்வி கேளுங்க. பின்பக்கமும் சேர்த்தா? ஃபிரேமும் சில்லும் உண்டா? மாடி ஜன்னலுக்கு ஏணி போடுறாரா, போலா (தண்ணி வர்ற பிரஷ் வச்ச நீளக் கம்பு)? பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (மத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு) சர்ட்டிஃபிகேட் காட்டுவாரா? இதுக்கு மேல அந்த ஆளைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. பாதிப் பேர் அங்கேயே விட்டுடுவாங்க.

உங்க இன்சூரன்ஸையும் எடுத்துப் பாருங்க. வேலை செய்யுற பொருளையே சேதப்படுத்தினா பல பாலிசி தராது. கண்ணாடியிலேயே கீறல் விழுந்தா அதுக்கு ட்ரீட்மென்ட் ரிஸ்க் கவர் தனியா இருக்கணும்.

மலிவா செய்யுறவங்க எங்க மாட்டுவாங்கன்னா தண்ணியில. லண்டன் குழாய்த் தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 300 ஒட்டி இருக்கும். அதை அப்படியே போல்ல அடிச்சா காஞ்சதும் வெள்ளைப் புள்ளி. ஆர்ஓ தாண்டி ரெசின் வழியா வந்து மீட்டர்ல 000 காட்டணும். 10 வந்துட்டா ரெசின் மாத்துங்க, மிச்சம் பிடிக்காதீங்க. ரெசின் தீரத் தொடங்கினா கொஞ்சம் கொஞ்சமா ஏறாது, திடீர்னு ஏறும். காலையில 004, மத்தியானம் 030. அதனால டேங்க் நிரப்பும்போது தொடக்கத்துலயும் முடிவுலயும் ரெண்டு தடவை பாருங்க.

புது வீட்டுக்கு முதல் தடவை வழக்கமான விலைக்கே செய்யாதீங்க, ஒன்றரை மடங்காவது கேளுங்க. ஃபிரேம் மேல்பக்கமும் ஜன்னல் மேல இருக்கிற காத்துத் துளையும் வருஷக்கணக்கா அழுக்கு சேர்த்து வச்சிருக்கும். கண்ணாடியை அலசிட்டு அடுத்த வீட்டுக்குப் போன பிறகு அங்கிருந்து கறுப்பா வடியும். முதல்ல மேல் ஃபிரேமை எல்லா ஜன்னலுக்கும் தேய்ச்சுட்டு, அஞ்சு நிமிஷம் விட்டு, அப்புறம் திரும்பி வந்து கண்ணாடி. 8 பவுண்டுக்கு வர்றவருக்கு இந்த அஞ்சு நிமிஷம் கிடையாது, அதான் மூணாவது மாசம் கஸ்டமர் உங்களைத் திரும்பக் கூப்பிடுறார். அப்ப பழைய விலைக்குப் போகாதீங்க, முதல் தடவை விலைதான்.

இன்னொண்ணு, யூலெஸ், அதாவது புகை கூடின வண்டிக்கு லண்டன்ல வாங்குற கட்டணம். 2023 ஆகஸ்ட் 29ல இருந்து லண்டன் போரோ முழுக்க. டீசல் வான் யூரோ 6 இல்லேன்னா ஓட்டுற ஒவ்வொரு நாளும் 12.50. ஒரு நாளைக்கு 20 வீடு செய்தாலும் வீட்டுக்கு 62 பென்ஸ் போகுது. பழைய வான்ல 8க்கு செய்யுறவர் இதையும் கட்டுறார்னா, கையில ஒண்ணும் நிக்காது.

வெம்பிளிவாசி

எல்லாம் சரி, ஆனா குரூப்பில 12 எண்டு ஒரு முடிவெடுத்தா என்ன பிழை? நாங்கள் நாலைஞ்சு பேர், ஆளுக்கு ஒரு வான். எங்கட ஆக்களே ஒருத்தரை ஒருத்தர் வெட்டாமல் இருக்கத்தானே.

வரிக்கணக்கு

செய்யவே வேண்டாம். இது 1998ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு நேர் எதிரானது. தனித்தனித் தொழில் செய்பவர்கள் கூடிக் குறைந்தபட்ச விலை பேசினால் அது விலை நிர்ணயக் கூட்டு. சோல் ட்ரேடர் என்றாலும் விதிவிலக்கில்லை. சிறிய வியாபாரங்களின் உடன்படிக்கைகளுக்கு அபராதத்தில் இருந்து ஒரு சலுகை அந்தச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் விலை பேசி வைத்தால் அந்தச் சலுகை கிடையாது. 2017இல் சாமர்செட் பக்கம் ஒரு சிறிய ஊரின் எஸ்டேட் ஏஜென்ட்கள் சிலர் குறைந்தபட்ச கொமிஷன் ஒன்றைப் பேசி வைத்ததற்கு, சிஎம்ஏ (போட்டியைக் கண்காணிக்கும் அரச அமைப்பு) எல்லாருக்குமாக 3,70,000 பவுண்ஸுக்கு மேல் அபராதம் போட்டது. ஊர் சிறிது, ஆட்கள் கொஞ்சப் பேர் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. வாட்ஸ்அப் செய்தி எழுத்தில் இருக்கும் சாட்சி.

"கென்ரன் உனக்கு, வெம்பிளி எனக்கு" என்று தெருப் பிரிப்பதும் அதே குற்றம்தான். குரூப்பில் யாராவது விலை பேசத் தொடங்கினால் "நான் இதில் இல்லை" என்று எழுதிவிட்டு வெளியே வாருங்கள்; பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாகவே எடுப்பார்கள்.

எது செய்யலாம்? ரவுண்டை (வழக்கமாகச் சுற்றிச் செய்யும் வீடுகளை) ஒருவருக்கொருவர் விற்கலாம், வாங்கலாம். உங்களுக்குத் தூரமான வீட்டை மற்றவருக்குக் காசுக்குக் கொடுக்கலாம். ரெசின் மொத்தமாக வாங்கிப் பிரிக்கலாம். உங்கள் விலையை நீங்களே தனியாக முடிவெடுங்கள், அவ்வளவுதான்.

கென்ரன்_கண்ணாடி

நன்றி அண்ணா. குரூப் கதையை விட்டிட்டன். ரெண்டு கேள்வி. ஜனவரியில கட்ட வேண்டிய காசு 1,021ஆ, கூடவா? ஒருத்தர் ரெண்டு மடங்கு கேப்பினம் எண்டார். மற்றது, சனிக்கிழமைகளில தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் உதவிக்கு வாறன் எண்டான், படிக்க வந்தவன். கைக்காசு குடுத்து, "நீயும் செல்ஃப் எம்ப்ளாய்ட்" எண்டு வைக்கலாமோ? வேலை கூடினா வற் (பெறுமதி சேர் வரி) வருமோ?

வரிக்கணக்கு

ஜனவரி 31க்கு 1,021.80 மட்டும் இல்லை. வரி 1,000ஐத் தாண்டியதால் அடுத்த ஆண்டுக்கான முற்பணம் பாதியும் அதோடு சேரும், 510.90. ஆக 1,532.70. மற்றப் பாதி ஜூலை 31. முதல்முறை இதில்தான் எல்லாரும் திண்டாடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக் காசு வரும்போதும் 1.25 தனிக் கணக்கில் போடுங்கள். ஆண்டுக்கு 1,800, அதற்குள் அடங்கும். அடுத்த ஆண்டு இலாபம் குறையும் என்று தெரிந்தால் முற்பணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் பிறகு கூடினால் வட்டி வரும்.

கைக்காசையும் சேர்த்தே காட்டுங்கள். வீட்டுக்கடன் எடுக்கும்போது வங்கி எஸ்ஏ302 (நீங்கள் காட்டிய வருமானத்தின் வரிக் கணக்கு) கேட்கும், காட்டாத வருமானம் அங்கே இல்லாத வருமானம். ஊரில் இருந்து மனைவியைக் கூப்பிடுவதற்கும் அப்படித்தான்: 29,000 என்ற வரம்புக்கு வரிப் படிவத்தில் உள்ள தொகைதான் எண்ணப்படும். வேண்டுமென்று மறைத்ததென்றால் எச்எம்ஆர்சி (வரித் திணைக்களம்) 20 ஆண்டு பின்னால் போய்ப் பார்க்கலாம்.

பெடியனைச் செல்ஃப் எம்ப்ளாய்ட் ஆக்க வேண்டாம். ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதியே இல்லை. மாட்டினால் அவனுடைய படிப்பே போகும். உங்கள் வான், உங்கள் கஸ்டமர், நீங்கள் சொல்லும் நேரம் என்றால் அவன் உங்கள் தொழிலாளிதான். வைக்கிறதென்றால் முறையாக வையுங்கள்: முதல் நாளுக்கு முன்பே அவனிடம் ஷேர் கோட் (வேலை அனுமதியைப் பார்க்க உதவும் குறியீடு) வாங்கி, எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்று இணையத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். அனுமதி இல்லாதவரை வைத்தால் முதல்முறையே 45,000 வரை அபராதம். அவனுக்கு வேறு வேலையும் இருந்தால் நீங்கள் பேயி (சம்பளத்தில் வரி பிடித்துக் கட்டும் முறை) பதிய வேண்டும். எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (தொழிலாளிக்குக் காயம் வந்தால் ஈடுகட்ட) குறைந்தது 5 மில்லியனுக்குக் கட்டாயம், இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 வரை அபராதம்.

வற் இப்போதைக்கு இல்லை. 90,000 வரம்பு; வரி ஆண்டு அல்ல, எந்த மாதத்தில் நின்று பார்த்தாலும் கடந்த 12 மாத வரவு. வற்றுக்குப் பதிந்த பெரிய கம்பனி வீட்டுக்காரரிடம் 15 வாங்கினால் 2.50 அரசுக்குப் போகும். அந்த இடத்தில் உங்களுக்குத்தான் சாதகம். டிஜிட்டல் கணக்கு வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்எம்ஆர்சிக்கு அனுப்பும் கட்டாயம்: உங்கள் வரவு 20,000க்கும் 30,000க்கும் இடையில் என்பதால் 2028 ஏப்ரலில் இருந்து. இப்போதே ஒரு மென்பொருளில் எழுதப் பழகினால் அப்போது கஷ்டமில்லை.

ஸ்குவீஜி_ரெடிங்

கடைசியா ஒண்ணு. இறக்குறதுக்குப் பதிலா ரவுண்டை நெருக்குங்க. 240 வீட்டையும் மேப்ல குத்திப் பாருங்க, தனியா நிக்கிற ஒரே ஒரு வீட்டுக்காக வான் எடுக்குற இடம் பத்து பதினைஞ்சு இருக்கும். அந்த வீடுகளுக்கு 18 சொல்லுங்க. ஒத்துக்கிட்டா லாபம், போனாலும் லாபம், அந்த நேரத்துல நெருக்கமான தெருவுல ரெண்டு வீடு முடிச்சுடலாம். வேலை செய்துட்டு இருக்கும்போதே அந்த வீட்டுக்கு இடம் வலம் மூணு மூணு வீடு, எதிர்ல மூணு வீடு, இந்த ஒன்பது கதவுக்கு மட்டும் லீஃப்லெட் போடுங்க, தெரு முழுக்க வேணாம். வான் வெளிய நிக்கும், போல் மேல இருக்கும், ஆளைப் பார்த்துட்டே பேசுவாங்க.

விலை ஏத்தினா 50 பென்ஸ் ஏத்தாதீங்க. 50 பென்ஸுக்கும் ரெண்டு பவுண்டுக்கும் வர்ற கேள்வி ஒண்ணுதான். ஒரு சுற்று முன்னாடியே மெசேஜ்ல சொல்லிடுங்க, கோகார்ட்லெஸ்ல தொகை மாறும்போது கஸ்டமருக்கு முன்கூட்டியே தெரியணும், இல்லேன்னா வங்கியில போய்ப் பணத்தைத் திரும்ப எடுத்துடுவாங்க.