பிச்சிர் மீன் 16 நாளாகச் சாப்பிடவில்லை, உதவி தேவை

என்னிடம் ஒரு செனகல் பிச்சிர் இருக்கிறது, கடைகளில் 'டைனோசர் ஈல்' என்று விற்பார்களே, அதுதான். ஈலும் இல்லை, டைனோசரும் இல்லை. ஆனால் டைனோசர் காலத்திலேயே இதன் உறவுகள் ஆப்பிரிக்க ஆறுகளில் இருந்தன என்பது உண்மை. அப்பேர்ப்பட்ட வம்சம் என் வீட்டுத் தொட்டியில் பட்டினி கிடக்கிறது.

சென்னை கொளத்தூரில் 2 மாதம் முன்பு வாங்கியது, 7 அங்குலம். தொட்டி 3 அடி நீளம், சுமார் 150 லிட்டர், மணல் தரை, மெட்ரோ தண்ணீர், 28 டிகிரி. மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0. கூட வேறு மீன் இல்லை.

முதலில் உணவை ஒதுக்கியது. அப்புறம் மணலில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. இதற்கு நுரையீரல் உண்டு, மேலே வந்து காற்று குடிப்பது சகஜம். ஆனால் இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன்: முதுகுச் சிறுதுடுப்புகளின் ஓரத்தில் முடி போல வெள்ளையாக ஏதோ நெளிகிறது, ஒட்டுண்ணிப் புழு என்று நினைக்கிறேன்.

மூன்று நாளுக்கு ஒருமுறை 30% தண்ணீர் மாற்றினேன். மண்புழு, உரித்த இறால் போட்டேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. கல் உப்பு கொஞ்சம் போட்டும் மாற்றமில்லை. கடைக்காரர் நீலமருந்து (மெத்திலீன் ப்ளூ, பூஞ்சைக்குப் போடுவது) போடச் சொன்னார். புழுவுக்கு அது எதற்கு என்று போடவில்லை.

பிச்சிருக்குப் பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து கொடுத்த அனுபவம் உள்ளவர்கள், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் போட்டீர்கள்?