பள்ளிக்கூடம், தலைமுடி, அமெரிக்கா: உங்க அனுபவம்?

டெக்சஸ் மீனா:
2022. மூணாம் கிளாஸுக்கு சப்ஸ்டிட்யூட் டீச்சரா போயிருந்தேன். போட்டோ எடுக்கிற நாள். ஒரு கறுப்பினப் பொண்ணு, பின்னல் நுனியெல்லாம் மஞ்சள் மணி. ஞாயித்துக்கிழமை பூரா உக்கார்ந்து அவங்கம்மா பின்னினதாம். "சத்தம் தொந்தரவா இருக்கு, கழட்டிடுங்க"ன்னு ஆபீஸ்ல இருந்து வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. கழட்டினது நான்தான். ஒவ்வொண்ணா பென்சில் டப்பாவுல போட்டேன். அழவே இல்லை. "எண்ணி வைங்க மிஸ், அம்மா கேப்பாங்க"ன்னுச்சு. 46. பக்கத்து சீட்டுல ஒரு வெள்ளைக்காரக் குழந்தை ஜிகினா ரிப்பனோட உக்கார்ந்திருந்தா. அதை யாரும் கேக்கலை.

நியூஜெர்சி ராஜ்:
இதுல இனம் எங்க வந்துச்சு? நம்ம ஊர்ல ரெட்டை ஜடை போடலைன்னா வெளிய நிக்க வைக்கலையா? ரூல்னா ரூல்தான்.

அட்லாண்டா கவி:
ராஜ் அண்ணா, ரெட்டை ஜடை நம்ம முடிக்குன்னே வெச்ச ரூல். சுருட்டை முடிக்குப் பின்னல்தான் பாதுகாப்பு, இங்க அதையே தப்புன்னா? பின்னல் மாதிரி இனத்தோட சேர்ந்த முடி அலங்காரத்துக்காக யாரையும் ஒதுக்கக் கூடாதுங்கிற கிரவுன் சட்டம் டெக்சஸ்ல வந்ததே 2023 செப்டம்பர் 1-ல்தான். அதுக்கு முந்தின நாள் டேரில் ஜார்ஜ்ங்கிற கறுப்பினப் பையனை லாக்ஸ் முடிக்காக, அதாவது கயிறு மாதிரி திரிச்ச சடைமுடிக்காக, கிளாஸ்ல இருந்து ஒதுக்கி உக்கார வெச்சாங்க. 2024 பிப்ரவரியில ஜட்ஜ், முடியோட நீளத்தை இந்தச் சட்டம் காப்பாத்தாதுன்னு பள்ளிக்கூடத்துப் பக்கமே தீர்ப்பு சொல்லிட்டார்.

என் கதை வேற. அம்மா திருப்பதியில மொட்டை போட்ட கையோட இங்க வந்தாங்க. சவுரி விக்கிற கடைக்குள்ள போனோம். பாக்கெட்ல 'இந்தியக் கோயில் முடி'ன்னு போட்டிருந்துச்சு. 180 டாலர். பக்கத்துல ஒரு கறுப்பினப் பெண்மணி, மக பட்டமளிப்பு விழாவுக்கு வாங்க வந்தவங்க, அம்மா தலையைப் பார்த்தாங்க, பாக்கெட்டைப் பார்த்தாங்க. அம்மா என் காதுல, "சாமிக்குக் குடுத்ததுக்கா இவ்வளவு விலை?"ன்னாங்க. அதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரலை.

டல்லாஸ் சித்ரா:
மீனா, இப்படி வந்து சொன்னா முதல்ல எழுத்துல குடுங்கன்னு கேக்கணும். ரெண்டாவது, பிள்ளையோட அம்மாவுக்கு அப்பவே போன் போடணும், அவங்களைக் கேக்காம தலையில கை வைக்கவே கூடாது. சப்ஸ்டிட்யூட்டுக்கு அதிகாரம் இல்லைன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். எம் பொண்ணுக்கும் சுருட்டை, நான் ராத்திரி பட்டுத்துணி கட்டித்தான் படுக்க வைப்பேன், தேங்காயெண்ணெய் கொஞ்சமா. அப்புறம், போட்டோ திரும்ப எடுக்க இன்னொரு நாள் வைப்பாங்களே, அதையாவது அந்தக் குழந்தைகிட்ட சொன்னீங்களா?

டெக்சஸ் மீனா:
இல்லை.